பெரிய ஆட்கள் விளையாடுவது எப்படி

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நாற்பது வயதுக்காரர் ஒருவரைப் பிடித்து, கடைசியாக எப்போது வயிறு நோகச் சிரித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கல்யாண வீட்டைச் சொல்வார், இல்லாவிட்டால் சுவிஸிலிருந்து மச்சான் வந்து நின்ற கிழமையைச் சொல்வார். நேற்று என்று சொல்கிற ஆள் அபூர்வம். பிள்ளைகளுக்கு விளையாட்டு இருக்கிறது, ரியூசன் விட்டுவைத்த மிச்ச நேரத்தில். வயசாளிகளுக்குக் கோயில் வாசலும் பள்ளிவாசல் திண்ணையும் ஊர்க்கதையும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில், இருபத்தைந்திலிருந்து அறுபது வரைக்கும், ஒன்றுமே இல்லை. அந்த வயதில் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை முடியட்டும் பார்க்கலாம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். வயல் வெட்டு முடியட்டும், மகளின் ஓ.எல். சோதனை முடியட்டும், லோன் கட்டி முடியட்டும். முடியாது. ஒன்று முடிய மற்றது வந்து நிற்கும், அதுதான் குடும்பம். ஆகவே முசுப்பாத்தியை, அதாவது சிரிப்பையும் விளையாட்டையும், வேலைக்குக் கிடைக்கும் கூலியாக நினைப்பதை முதலில் விட்டுவிடுங்கள். சோற்றுக்கும் நித்திரைக்கும் நேரம் எடுக்கிற மாதிரி இதற்கும் எடுக்க வேண்டும், வேலை மிச்சம் இருக்கும்போதே எடுக்க வேண்டும். மீதி எல்லாம் அதை எப்படி எடுப்பது என்பதுதான்.

உண்மையிலேயே தேவையா என்று கேட்பவர்களுக்கு

மிகாய் சிக்சென்ட்மிகாயி என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். சிலரைக் கூப்பிட்டு, பயன் எதுவும் கருதாமல் வெறும் விருப்பத்துக்காகச் செய்கிற சின்னச் சின்ன விடயங்கள் எல்லாவற்றையும் இரண்டு நாளைக்கு நிறுத்தச் சொன்னார். வேலை பார்க்கலாம், சாப்பிடலாம், கடமையைச் செய்யலாம், சும்மா எதுவும் செய்யக்கூடாது. அந்த 48 மணித்தியாலத்துக்குள்ளேயே ஆட்கள் களைத்துப் போனார்கள், தலையிடி என்றார்கள், எடுத்ததுக்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். சோதனையில் இருந்தவர்களுக்கு இரண்டு நாள்தான். நம் ஒழுங்கையில் இதே சோதனை பத்துப் பதினைந்து வருடமாக நடக்கிற வீடுகள் இருக்கின்றன, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. ஜாக் பாங்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர் எலிக்குஞ்சுகளில், மூளையின் மேல்பகுதியை, அதாவது யோசிக்கிற பகுதியை, எடுத்துவிட்டுப் பார்த்தார். அவை அப்போதும் ஒன்றையொன்று துரத்திப் பிடித்து விளையாடின. விளையாட்டு ஆசை மூளையின் அடியில், பசியும் பயமும் இருக்கிற ஆழத்தில் கிடக்கிறது என்பது அவருடைய முடிவு. சிரிப்பைப் பற்றியும் பார்த்திருக்கிறார்கள். ஒக்ஸ்போர்டில் ரொபின் டன்பாரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைச் சேர்த்து இருத்திச் சிரிப்புக் காட்சிகளைப் போட்டுக் காட்டிவிட்டு, ஐஸ் போலக் குளிர வைத்த உறையைக் கையில் சுற்றி அந்த நோவை எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். சிரித்தவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். ரொபர்ட் புரொவைன் என்பவர் கணக்கெடுத்ததில், ஒருவர் தனியாக இருக்கும்போது சிரிப்பதை விட ஆட்களோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார். இந்தக் கடைசிக் கணக்கை ஞாபகத்தில் வைத்திருங்கள், கீழே சொல்லப் போகிற பாதி விடயம் அதில்தான் நிற்கிறது.

சட்டம் வேண்டுமா, அதுவும் இருக்கிறது. 1948இன் மனித உரிமைப் பிரகடனத்தில் 24ஆவது உறுப்புரை ஓய்வுக்கும் ஒழிவு நேரத்துக்கும் எல்லோருக்கும் உரிமை என்கிறது. 1989இன் சிறுவர் உரிமைச் சமவாயத்தில் 31ஆவது உறுப்புரை பிள்ளைகளுக்கு விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. பெரியவர்களுக்கு விளையாட்டை யாரும் எழுதித் தரவில்லை. நாமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுடையது எது

முதல் வேலை, உங்களுக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிப்பது. லேசான வேலை என்று நினைக்காதீர்கள், இருபது வருடம் மறந்து கிடந்தது கேட்டவுடன் வந்து நிற்காது. "எனக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்றும் இல்லை" என்பவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து என்ன செய்தார்கள் என்று யோசிக்க வேண்டும். கிளித்தட்டு மறித்தீர்களா? போளை அடித்தீர்களா? ஆற்றங்கரையில் தூண்டிலைப் போட்டுவிட்டு மணிக்கணக்காகக் குந்தியிருந்தீர்களா? சித்திரை வருடத்துக்குப் போர்த்தேங்காய் பொறுக்கி, எந்தச் சிரட்டை தடிப்பு என்று காதருகில் வைத்துத் தட்டிப் பார்த்தவரா? அல்லது ஒன்றும் ஆடாமல், மற்றவர்களைப் போல நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவரா?

விளையாட்டின் பெயர் முக்கியமில்லை, அதில் உங்களை இழுத்தது எது என்பதுதான் முக்கியம். கிளித்தட்டில் ஒருவருக்கு ஓட்டம் பிடித்திருக்கும், இன்னொருவருக்கு ஏமாற்றிப் போவது பிடித்திருக்கும். ஓட்டம் பிடித்தவருக்கு இப்போது கடற்கரையில் ஒரு பந்து போதும். ஏமாற்றிப் போவது பிடித்தவருக்கு முழங்கால் நோவு வந்துவிட்டாலும் கவலையில்லை, அவருக்குக் கடதாசி விளையாட்டு இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தூண்டில்காரருக்குத் தேவை ஆட்டமே இல்லை, அமைதிதான், அவரைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போய் "சிரி, சிரி" என்றால் அவர் வீட்டுக்கு ஓடிவிடுவார். மைக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய பொடியன்கள் எத்தனை பேர் இன்று தொப்பையோடு பாங்கில் இருக்கிறார்கள். பந்தை ஒருமுறை கையில் கொடுத்துப் பாருங்கள், தோள் தானாகத் திரும்பும்.

ஒரு சின்னச் சோதனை: போட்டோ எடுக்க முடியாது, யாருக்கும் சொல்லவும் முடியாது என்றால் அதைச் செய்வீர்களா? செய்வேன் என்றால் அது உங்களுடையது. இல்லையென்றால் அது வேறு யாருக்காகவோ செய்வது, அதற்கு ஒரு பெயர் இருக்கலாம், முசுப்பாத்தி என்ற பெயர் இல்லை.

நேரம் வைப்பது, ஆனால் மணி வைக்காமல்

நாள் குறிக்காவிட்டால் நடக்காது. மணி குறித்தால் கெட்டுப்போகும். இது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை, செலின் மால்கோச், கேப்ரியலா டொனியெட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் இதைத்தான் எழுதினார்கள். பொழுதுபோக்கை இத்தனை மணிக்கு என்று கட்டிவைத்தால் அது இன்னொரு வேலை போல ஆகிவிடுகிறது, ருசி குறைகிறது. அதையே "பின்னேரம் போல" என்று தளர்வாக வைத்தால் ருசி கெடவில்லை. நமக்கு இது இயல்பாகவே வரும், "நாலரைக்கு வாங்க" என்று சொல்லி எந்த ஊரில் நாலரைக்கு வந்திருக்கிறார்கள்? இந்த ஒரு விடயத்தில் நம் பழக்கம் சரியான பழக்கம்.

ஆகவே கிழமையில் ஒரு பின்னேரத்தை எடுங்கள். ஞாயிறு வேண்டாம் என்று நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்கெனவே கல்யாணம், சாமத்திய வீடு, செத்த வீடு என்று பல பேர் பங்கு கேட்பார்கள். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஜும்ஆ முடிந்து சாப்பிட்டு எழும்பிய வெள்ளிப் பின்னேரம் பொருந்தும். வருடத்தையும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் வெயில் தணியுமுன் வெளியே இறங்கினால் விளையாட்டு அல்ல, தண்டனை. ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் வெள்ளமும் சேறும், அந்த மாதங்களுக்குத் தாயக்கட்டை, கரம், கடதாசி. அந்தக் காலத்தில் கடலுக்குள் இறங்கவும் வேண்டாம், கல்லடிக் கடல் சாதாரண நாளிலேயே இழுக்கும், பாசிக்குடா மாதிரி இடுப்பளவில் நடந்து போகிற கடல் இல்லை அது.

போயா நாள் இருக்கிறதே, அது நமக்கு அரசாங்கமே தந்த நாள். மாதம் ஒரு லீவு, அதுவும் முழு நிலவில். மட்டக்களப்பு வாவியில் தண்ணீருக்கடியிலிருந்து பாட்டுப் போல ஒரு சத்தம் வரும், பாடும் மீன் என்பார்கள், அதைக் கேட்பதும் நிலவு இரவில்தான். இதை ஊர்க்காரர்கள் பெருமைக்குச் சொல்வோம், பஸ்ஸில் எழுதுவோம், மீனைச் சின்னமாகப் போடுவோம், ஆனால் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே விசாரித்துப் பாருங்கள். 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி வந்து தோணியில் போய்க் கேட்டுவிட்டு எழுதி வைத்திருக்கிறார், அன்றைய மீனவர்கள் அதை மீன் என்று சொல்லவில்லை, ஊரி, அதாவது ஓட்டு நத்தை, அழுகிறது என்றுதான் அவரிடம் சொன்னார்கள். மீனா ஊரியா என்ற சண்டை இன்றைக்கும் தோணியில் நடக்கும், நல்ல சண்டை அது.

போவதென்றால் இப்படிப் போங்கள். மழை ஓய்ந்து சித்திரை பிறந்த பிறகு, காற்று விழுந்த ஒரு நிலவு இரவு. கல்லடிப் பாலத்தடியில் தெரிந்த தோணிக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வாவியில் முதலையும் உண்டு, ஆகவே ஆழம் அறிந்த ஆள் வேண்டும், மிதவைச் சட்டை வேண்டும். இயந்திரம் போட்ட தோணி என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். துடுப்பின் தட்டையான பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டு, பிடிக்கிற நுனியில் காதை ஒட்டி வைக்க வேண்டும். முதலில் தண்ணீர் தோணியில் தட்டுகிற சத்தம்தான் கேட்கும், பிறகு பக்கத்திலிருக்கிறவர் "கேட்குதா, கேட்குதா" என்று குடைகிற சத்தம். கொஞ்சம் பொறுத்தால் வீணைக் கம்பியை அடியில் எங்கேயோ ஒருவர் விரலால் சுண்டுகிற மாதிரி ஒன்று வரும், வராமலும் போகும். வராத இரவிலும் ஆட்கள் கடலையும் கச்சானும் தின்று, பகிடி விட்டு, சந்தோசமாகத்தான் வீட்டுக்கு வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

முந்நூற்று நாலு

செலவில்லாமல், வெயில் மழை பார்க்காமல், எந்த வயதிலும் ஆடக்கூடிய ஒன்றைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நாலு பேர், ஒரு கடதாசிக் கட்டு, ஒரு பாய். ஐம்பத்திரண்டில் ஏழுக்குக் கீழே உள்ளதை எடுத்துப் போட்டால் 32 கடதாசி மிஞ்சும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டும் ஏழும் சும்மா. கூட்டிப் பாருங்கள், ஒரு சாதிக்கு, அதாவது ஒரே சின்னம் போட்ட எட்டுக் கடதாசிக்கு, 76, நாலு சாதிக்கு 304. ராசாவையும் ராணியையும் விட ஜாக் பெரியவன் என்கிற இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் ஒரே குதூகலம்.

எதிரெதிரே இருக்கிற இருவர் ஒரு பக்கம். முதலில் ஆளுக்கு நாலு கடதாசி போடுவார்கள், அந்த நாலை வைத்துக்கொண்டே கேள்வி கேட்க வேண்டும், அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் போலச் சொல்ல வேண்டும், 160இல் தொடங்கும். கையில் பாதிதான் இருக்கிறது, மீதி நாலு என்ன வருமென்று கடவுளுக்குத்தான் தெரியும், ஆனாலும் "நூற்றெழுபது" என்று சொல்லிவிட்டுத் துரும்பை, மற்றச் சாதிகளை வெல்லுகிற சாதியின் கடதாசியை, கவிழ்த்து வைக்கிற முகத்தைப் பாருங்கள், அந்த ஆள் பாங்கில் கையெழுத்துப் போடப் பயப்படுகிறவராக இருப்பார், இங்கே ராசா. எதிரே இருக்கிற கூட்டாளிக்கு வாயால் ஒன்றும் சொல்லக்கூடாது. கண்ணால் சொல்வார்கள், இருமுவார்கள், மூக்கைச் சொறிவார்கள், அதைப் பிடித்துவிட்டு மற்றப் பக்கம் சத்தம் போடும். மறுகா ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் "நீ ஏன் ஒன்பதை அப்ப இறக்கின" என்ற விசாரணை, அதுதான் உண்மையான ஆட்டம் என்றுகூடச் சொல்வேன்.

இதில் இரண்டு எச்சரிக்கை. காசு வைத்தால் அது வேறு சாமான் ஆகிவிடும், வைக்க வேண்டாம், தோற்றவருக்குக் காதில் கடதாசி செருகுவது போதும். போத்தலையும் வைக்க வேண்டாம். ஆண்கள் நாலு பேர் சேர்ந்தால் போத்தல் இல்லாமல் சிரிக்க முடியாது என்று எங்கேயோ எழுதி வைத்த மாதிரி நடந்துகொள்கிறோம். ஆட்டத்தை முதலில் தொடங்கிப் பாருங்கள், ஞாபகம் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டிய விளையாட்டு, குடித்தவன் தோற்பான், கூட்டாளியே அவனைக் கழற்றிவிடுவான்.

கூப்பிடுவது எப்படி என்பதுதான் பலருக்கு இடிக்கிற இடம். வட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் வாங்க" என்று போட்டால் கட்டைவிரல் படம் மட்டும் வரும், ஆள் வராது. ஒருவரை, பெயர் சொல்லி, சின்னதாகக் கேட்க வேண்டும்: "மச்சான், வியாழன் பின்னேரம் வாறியா, கடதாசி போடுவம், ஒரு ஆள் குறையுது." ஆள் குறைகிறது என்ற சொல்லுக்கு மயங்காதவர் இல்லை. நாலு வந்தால் போதும். ஐந்தாவது ஆள் தானாக வந்து, பின்னால் நின்று புத்தி சொல்லத் தொடங்குவார்.

பெண்களுக்கு

மேலே எழுதியதை வாசித்துவிட்டு ஒரு பெண், "உனக்கென்ன, உலையை யார் பார்க்கிறது" என்று கேட்டால் அவள் கேட்பது நியாயம். ஆண் பின்னேரம் சந்திக்குப் போய்விட்டு வருவான், யாரும் எங்கே போனாய் என்று கேட்பதில்லை. பெண் பின்னேரம் வெளியே போக ஒரு காரணம் வேண்டும், கோயில், டிஸ்பென்சரி, பிள்ளையின் ரியூசன். ரியூசன் வாசலில் பிள்ளை வரும்வரை ஸ்கூட்டியில் சாய்ந்து நிற்கிற தாய்மார்தான் இந்த ஊரில் மிகவும் வீணாய்ப் போகிற கூட்டம் என்று எனக்குத் தோன்றும். ஒன்றரை மணித்தியாலம், பத்துப் பேர், எல்லோருக்கும் சும்மா நிற்கிற வேலை. அங்கேயே ஒரு தாயக்கட்டையைப் போடலாம். பக்கத்து வீட்டு மாமரத்தடியைக் கேட்டு வாங்கலாம். இதைவிட ஆயத்தமாகக் கூடி நிற்கிற கூட்டம் வேறெங்கே கிடைக்கும்?

இன்னொரு வசதி நமக்கு இருக்கிறது. கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது வழக்கம், தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும். அதனால் தாய் வீடும் அக்கா வீடும் தங்கச்சி வீடும் ஒரே வளவில் அல்லது நாலு வேலி தள்ளி இருக்கும். கிழமையில் ஒருநாள் ஒரே உலையாக வையுங்கள், முறை வைத்து ஒருத்தி சமைக்க, மற்றவர்கள் ஆட. "வாகா மச்சாள், இண்டைக்கு நான் அடுப்பு" என்றால் யார் வரமாட்டார்கள்? மாமியையும் இருத்துங்கள், அம்மானை, கும்மி, ஊஞ்சல் பாட்டு என்று அவரிடம் கிடப்பது உங்களுக்குத் தெரியாது. அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வயது போன உம்மாமாரிடம் கவி கேட்டுப் பாருங்கள். நாலு வரியில் ஒருவரை வாரிவிடுகிற வித்தை அது, எதிர்க்கவி சொல்லத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்துவிட்டால் இரவு போவது தெரியாது.

கணவன்மார் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அன்றைக்குப் பின்னேரம் பிள்ளையை ரியூசனில் இருந்து ஏற்றி வருவது. உதவி செய்தேன் என்று சொல்லிக்கொண்டு திரியாமல்.

பழையவர்கள் செய்த ஒரு தந்திரம்

கண்ணகி அம்மன் கோயில்களில் கொம்புமுறி என்று ஒன்று நடந்தது. ஊர் முழுக்க வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, வடம் கட்டி, இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும், யாருடைய கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. மறுகா வென்ற பக்கம் பாட்டில் ஏசும், தோற்ற பக்கம் பதிலுக்கு ஏசும், அப்படியொரு ஏச்சு. மழை வேண்டியும் நோய் நீங்கவும் அம்மனுக்குச் செய்கிற நேர்த்தி இது. நேர்த்தி என்று ஆக்கிவிட்டதால் "எனக்கு நேரமில்லை" என்று ஒருவரும் சொல்ல முடியாமல் போய்விட்டது, அதைத்தான் தந்திரம் என்கிறேன். நல்ல கெட்டிக்காரர்கள்.

கூத்தும் அப்படித்தான். அரங்கேற்றம் ஒரே ஒரு இரவு. ஆனால் அதற்கு முன்னால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவரவர் பாட்டு எழுதிய சட்டம் கொடுத்து, கிழமைக்கொருக்கால் களரியில் பழகி, சதங்கை கட்டி, அடுக்குப் பார்த்து, எத்தனை மாதம். பகலெல்லாம் வயலில் நின்றவன் இரவில் மத்தளத்துக்கு வடமோடிக் கூத்துத் தாளம் மிதித்து, பிழை விட்டு, எல்லோரும் சிரித்து, திரும்ப மிதித்து. சந்தோசம் பெரும்பாலும் அந்தப் பழக்கத்தில்தான் கிடந்தது. இன்றைக்கு நாம் அரங்கேற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்: வருடத்துக்கு ஒரு பெரிய விழா, டீஜே, மண்டபம், கடன். கிழமைக்கூத்தைக் கைவிட்டுவிட்டோம். எடுத்து வைக்க வேண்டியது அதைத்தான், சின்னதாக, அடிக்கடி, பிழை விட்டுச் சிரிக்கக்கூடியதாக.

போனைப் பற்றி இரண்டே வரி. அதில் பகிடி பார்ப்பது பாவமில்லை. தனியாகப் பார்த்துவிட்டு வைக்காமல் பக்கத்தில் இருப்பவருக்கும் திருப்பிக் காட்டுங்கள், அந்த 30 மடங்கு அங்கேதான் வேலை செய்யும்.

சிரிக்கக் கூசும்போது

இதைத் தொடாமல் இந்த ஊரில் சந்தோசத்தைப் பற்றி எழுத முடியாது. யுத்தத்தில் ஆள் போன வீடுகள், 2004 மார்கழி 26இல் கல்லடியிலும் நாவலடியிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் கடல் கொண்டுபோனவர்களின் வீடுகள். "அவர் இல்லை, நான் இங்கே கடதாசி போட்டுச் சிரிக்கிறேனே" என்ற குத்தல் பலருக்கு உண்டு, வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். துக்கத்துக்கு உரிய நாட்களைத் துக்கத்துக்குக் கொடுங்கள், அவசரமில்லை. ஆனால் இதையும் பாருங்கள்: செத்த வீட்டில் இரவு விழித்திருக்கிறவர்கள் வாசலில் பாயைப் போட்டுக் கடதாசி விளையாடுகிற ஊர்கள்தான் நம் ஊர்கள். உள்ளே ஒப்பாரி, வெளியே துரும்பு. யாரும் அதை மரியாதைக் குறைவு என்று சொன்னதில்லை, ஆட்கள் விடியும்வரை அந்த வீட்டை விட்டுப் போகாமல் இருக்க அதுதான் வழி.

1996இல், யுத்தத்தின் நடுவில், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவிலிருந்து வந்த போல் ஹோகன் என்ற கலைஞரும் முன்னின்றார்கள். தமிழ்க் கிராமங்களில் இருந்தும் முஸ்லிம் கிராமங்களில் இருந்தும் யுத்தம் கண்ட பிள்ளைகளைக் கூட்டிவந்து, களிமண், வர்ணம், கதை, நாடகம் என்று ஒன்றாக விளையாட விட்டார்கள். பாடம் நடத்தவில்லை, ஒற்றுமை பற்றி உரை ஆற்றவில்லை. வெடிச் சத்தத்துக்குள் பிள்ளைகளுக்கு அது தேவை என்று நினைத்த ஊரில், இன்றைக்குப் பெரியவர்களுக்குத் தேவையா என்று கூச்சப்பட ஒன்றுமில்லை.

மனமே வரவில்லை என்றால்? மனம் வந்த பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள், போன பிறகுதான் மனம் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள், பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் 1970களிலேயே, முன்பு பிடித்த சின்னச் செயல்களைப் பட்டியல் போட்டு, விருப்பம் இல்லாவிட்டாலும் செய்யவைத்துப் பார்த்தவர். அரை மணி நேரம் மட்டும் என்று போங்கள், பிடிக்காவிட்டால் எழும்பி வாருங்கள். ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக எதிலுமே ருசி இல்லை, பிடித்த சாப்பாட்டிலும் இல்லை, பிள்ளையின் சிரிப்பிலும் இல்லை, நித்திரையும் குழம்பிக் கிடக்கிறது என்றால் அது கடதாசிக் கட்டால் தீருகிற காரியம் இல்லை, ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இணைப்பில் பேசலாம்.

கழகம் ஆக்காதீர்கள்

கடைசியாக ஒன்று, அனுபவத்தில் சொல்கிறேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒருநாள் ஒருவர் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே, "இதை ஒரு கழகமாப் பதிஞ்சா என்ன?" என்று தொடங்குவார். தலைவர், செயலாளர், பொருளாளர், போசகர், அதற்குமேல் ஆலோசகர் இரண்டு பேர். மறுகா ரீ-சேட், அதில் யாருடைய கடையின் பெயர் போடுவது என்ற சண்டை. பிறகு சுற்றுப்போட்டி, பிரதம அதிதி, பொன்னாடை, மைக்கில் ஒன்றரை மணித்தியாலம். விளையாட வந்தவர்கள் கதிரை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

அப்படி ஒருவர் தொடங்கினால் வாக்குவாதப்பட வேண்டாம். கடதாசிக் கட்டை அவர் கையில் கொடுத்துக் கலக்கச் சொல்லுங்கள், அடுத்த கேள்வியையும் அவரே கேட்கட்டும்.